கோலத்தில் பொங்கிய தண்ணீர்

என் மகளைத் தலைப்பிரசவத்துக்குத் திருப்பூர் நல்லூரில் என் வீட்டுக்கு அழைத்து வருவதா, வெள்ளகோவிலில் என் மச்சான் வீட்டுக்கு அழைத்துப் போவதா என்பதை ஒரு ஃபில்டர் முடிவு செய்ய வேண்டிய நிலைமை போன வருடம் எங்களுக்கு வந்தது. சிரிக்காதீர்கள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன் என்று பெயர் வாங்கிய நானே அப்போது சிரிக்கவில்லை. வயிறு கலங்கிக்கொண்டிருந்தது. கலங்கிய வயிற்றோடு சிரித்தால் என்ன ஆகும் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

எங்கள் வீடு முன்னால் இருக்கிறது, பட்டறை பின்னால். இரண்டுக்கும் நடுவே பின்வாசல். அதில் ஒரு முருங்கை மரம், என் மனைவி வளர்க்கும் மல்லிகைப் பந்தல், துணி காயப்போடும் கம்பி. பட்டறையில் நடப்பது பட்டன் வேலை. கைக்குழந்தைச் சட்டையில் தோளோரம் 'டக்' என்று அமுக்கி மூடுவோமே, அந்தப் பித்தளைப் பட்டன். தலையை மூடும் தொப்பியோடு வருகிற பனியனில் கயிறு நுழைகிற வளையம். இதெல்லாம் அச்சிலிருந்து விழும்போது கறுத்துப்போய், எண்ணெய்ப் பிசுக்கோடு, பார்க்கச் சகிக்காது. ஆசிட் தொட்டியில் முக்கி எடுத்தால் தங்கமாக மின்னும். அந்த முக்கி எடுக்கும் வேலைதான் எங்களுடையது.

ஆசிட்டும் லேசுப்பட்டதில்லை. அழுக்கைத் தின்னும் சாக்கில் பித்தளையையும் கொஞ்சம் சேர்த்துத் தின்றுவிடும். தின்னத் தின்ன அதன் நிறம் மாறும். முதலில் இளநீலம், அப்புறம் பச்சை கலந்த நீலம், கடைசியில் அசல் மயில் கழுத்து. மயிலைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பரம்பரை எங்களுடையது. அந்த ஒரு மயில் கழுத்து நிறத்தைக் கண்டால் மட்டும் எனக்குக் கை கால் ஓடாது. அந்த நிறம் வந்துவிட்டால் அந்த ஆசிட் இனி வேலைக்கு ஆகாது. வெளியே விடவும் முடியாது, விடவும் கூடாது. நொய்யல் ஆறு சாயக்கழிவில் பட்டதெல்லாம் போதும். நீல டிரம்மில் பிடித்து மூடி வைப்போம். சுத்திகரிக்கிற இடத்திலிருந்து டேங்கர் வந்து எடுத்துப்போக வேண்டும். அந்த டேங்கர் விசேஷ வீட்டுக்கு வருகிற சில உறவுக்காரர்கள் மாதிரி. "வந்துட்டே இருக்கறங்க" என்று சொல்லும். வராது.

டிரம்கள் முதலில் சுவரோரம் நின்றன. பிறகு முருங்கையைச் சுற்றிக்கொண்டன. அதற்கப்புறம் மல்லிகைப் பந்தலுக்குக் கீழே, துணிக் கம்பிக்குக் கீழே என்று குடியேறிவிட்டன. என் மனைவி துணி காயப்போட டிரம்களுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து போவாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சொல்லாமல் இருந்தால் எனக்குப் புரியாது என்பது இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈரோட்டில் வாக்கப்பட்டிருக்கும் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்தது. நான் தெரு முழுவதும் ஜாங்கிரி கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மனைவி எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, புள்ளயக் கூட்டியாந்து எங்க வெக்கப் போறீங்க?"

"நம்ம ஊட்லதான். வேற எங்க?"

"இந்த டிரம்முக்கு மத்தீலயா?"

"மூடி போட்டுத்தான புள்ள வெச்சிருக்கறோம்."

"மூடி போட்டா வாசம் வராதுங்களா? புள்ளத்தாச்சி மூக்கு எப்பிடின்னு உங்களுக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கலீங்க."

எனக்கும் மறக்கவில்லை. இதே மகளை அவள் வயிற்றில் சுமந்தபோது நான் ஒரு சாயப்பட்டறையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயமும் குளோரினும் கலந்த ஒரு வாசம் என் சட்டையில், தலைமுடியில், மூச்சில்கூட இருந்தது. அப்போது மூச்சைவிடத் தலைமுடி அதிகம். வெளியிலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். அப்படியும் நான் நிலைப்படியைத் தாண்டியதும் அவள் ஓங்கரித்துக்கொண்டு ஓடுவாள். குழந்தை பிறக்கும்வரை கதவுக்கு வெளியே கட்டில் போட்டுப் படுத்தேன். அவள் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பேசுவாள், நான் வெளியேயிருந்து பதில் சொல்வேன். ஜெயிலில் மனு போட்டுப் பார்ப்பது மாதிரி ஒரு தாம்பத்தியம்.

"வளைகாப்பு முடிச்சு அழைக்கறதுக்குள்ள வாசல் சுத்தமாச்சுன்னா புள்ள இங்க வரட்டும்," என்றாள் மனைவி. "இல்லீன்னா நானு வெள்ளகோயிலுக்கு அண்ணன் ஊட்டுக்குப் போயி, அங்க வெச்சுப் பாத்துக்கறனுங்க. நீங்க உங்க டிரம்மப் பாத்துக்குங்க."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்தில் பெற்றவர்களுக்கு இருக்கும் உரிமை. அதை இன்னொருவர் வீட்டில் வைத்தால் ஊர் ஆயிரம் கேட்கும். ஊர் கிடக்கட்டும். என் மச்சான் கெட்டவராக இருந்தால்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தங்கமான மனிதர். மாடி அறையை ஒழித்துக் கொடுத்து, பாலுக்குப் பசு வாங்கிக் கட்டி, எல்லாவற்றையும் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டு, காலத்துக்கும் "என்ர ஊட்ல பொறந்த குழந்தையாச்சுங்களே" என்று மீசையைத் தடவுவார்.

பட்டறையில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து டெய்லராகத் திருப்பூருக்கு வந்து, சாயப்பட்டறையில் என்னோடு ஆர்.ஓ. ஓட்டி, பிறகு என்னோடு சேர்ந்து இந்தப் பட்டன் தொழிலில் இறங்கியவர். எனக்கு அவர் அண்ணாச்சி. அவருக்கு நான் 'வே'. ஒரே வயது. நான் பயப்படும்போது மட்டும் அவருக்குத் தைரியம் வரும்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் டிரம்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ரெண்டு ரெண்டா அடுக்கி மேல கம்பு போட்டு, தொட்டில் கட்டிருவோம்வே. பேரப்புள்ள ஜம்முனு ஆடும்."

"அண்ணாச்சி, நானே செத்துட்டு இருக்கறேன்."

"செத்தா டிரம்ம யாரு பாப்பா? இரும், ஒரு வழி இருக்கு."

அவர்தான் எங்கேயோ ஒரு மெஷின் கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஆசிட்டையே வடிகட்டும் ஃபில்டர் வந்திருக்கிறதாம். மெம்பரேன் என்று பெயர். சாயத்தண்ணிக்குப் போடுகிற மெம்பரேனை ஆசிட்டில் போட்டால் மழையில் நனைந்த அப்பளமாகிவிடும். இது தாங்குமாம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிறதாம்.

கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் ஸ்கூட்டரில் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். முதுகில் பை, கையில் ஹெல்மெட். டிரம்மைத் திறந்து பார்த்து, "சூப்பர் சார், நல்லா செம்பு இருக்குதுங்க" என்றாள். அந்த டிரம்மைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஜீவன் அவள்தான். பட்டன் அட்டைப்பெட்டியின் மூடியில் படம் வரைந்து விளக்கினாள். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் செம்பும் துத்தநாகமும் நின்றுவிடும், அந்தப் பக்கம் தெளிவாக வருவதைத் திரும்பவும் உபயோகப்படுத்தலாம். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். நடுநடுவே, "பஜ்ஜி ஆறுதுங்கம்மிணி, சாப்பிடுங்க" என்றேன்.

அவள் எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொன்னாள். கேட்கிறவன் பதினைந்து வருடம் ஆர்.ஓ. ஓட்டியவன் என்பதுதான் கோளாறு. எங்கள் ஊரில் டீக்கடைக்காரர்கூட ஆர்.ஓ. பற்றி அரைமணி நேரம் பேசுவார். ஃபில்டர் என்றால் எங்களுக்குப் பால்குடி வயதிலிருந்து ஒரே பாடம்: ஒரு பக்கம் கழிசடை நிற்கும், மறுபக்கம் நல்ல தண்ணி வரும். நல்ல தண்ணி வந்தால் ஃபில்டர் நன்றாக இருக்கிறது. வரவில்லை என்றால் போச்சு. இதற்கு மேல் ஒரு ஃபில்டர் என்ன செய்துவிடப் போகிறது? படமெல்லாம் எனக்கு எதற்கு? பஜ்ஜி ஆறுகிறது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "பாத்துட்டே இரு புள்ள. டிரம்முல இருக்கற அத்தனையும் நல்ல தண்ணியா வரும். உன்ர மல்லிகைக்கே ஊத்திக்கலாம்."

"மொதல்ல வரட்டுமுங்க," என்றாள்.

ஃபில்டர் வந்து இறங்கியது. நீளமான குழாய் ஒன்று, அதற்குள் பாய் மாதிரி சுருட்டி வைத்த மெம்பரேன், முன்னால் ஒரு பம்ப், இரண்டு மீட்டர்கள். குழாய்க்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். அண்ணாச்சி அந்தச் சந்தனத்துக்குப் பக்கத்திலேயே விரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். பம்ப்புக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தபோது இன்ஜினியர் பெண் தடுத்தாள்.

"சார், அது அதிர்ந்து உருண்டு பெல்ட்டுல மாட்டிக்குமுங்க."

"அப்ப என்ர பாக்கெட்ல வெச்சுக்கறேன். யாருக்காச்சும் ஒருத்தருக்குப் பாதுகாப்பு வேணுமல்ல."

பம்ப் ஓடியது. மீட்டர் முள் மெதுவாக ஏறி ஒரு இடத்தில் நின்றது. மயில் கழுத்து உள்ளே போனது. அடுத்த முனையில் இருந்த சின்ன குழாயில் சொட்டுச் சொட்டாக ஏதோ வர ஆரம்பித்து, நூலாக இழைந்து, பக்கெட்டில் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். பக்கெட்டின் அடி தெரிந்தது. நிறமே இல்லை. சுனைத் தண்ணி மாதிரி.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும், வால்வு எதையும் தொட வேண்டாம், ஏதாவது என்றால் போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் நான் ஒரு மக்கில் அந்தத் தெளிந்த சரக்கை மொண்டுகொண்டு ஓடினேன்.

மனைவி முன்வாசலில் கீரைக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். காலையில் போட்ட கோலம் கலையாமல் இருந்தது. அன்றைக்கு ஃபில்டர் ஓடும் நாள் என்பதால் அவளும் மனசுக்குள் ஏதோ நினைத்துத்தான் பெரிய தாமரையாகப் போட்டிருந்தாள். வாயில்தான் சொல்லமாட்டாள்.

"இங்க பாரு புள்ள! உன்ர டிரம்முத் தண்ணி! கண்ணாடி!" என்று கத்திக்கொண்டே, வாசல் தெளிக்கிற தோரணையில் மக்கை ஒரு வீசு வீசினேன்.

சுர்ர்ர்ர் என்றது.

தாமரையின் இதழ் ஒன்று நுரைத்துப் பொங்கியது. அப்புறம் பக்கத்து இதழ். கோலமாவு சுண்ணாம்புக்கல் மாவு என்பது அந்த நிமிடம்வரை என் ஞாபகத்தில் வரவே இல்லை. தோசைக்கல்லில் தண்ணி தெளித்த மாதிரி சத்தம், பால் பொங்குகிற மாதிரி நுரை. கீரைக்காரம்மா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நானு அப்பறம் வாரனுங்க" என்று நகர்ந்துவிட்டார்.

மனைவி கோலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மல்லிகைப் பந்தல் இருக்கும் திசையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு குடம் தண்ணி கொண்டுவந்து ஊற்றி வாசலைக் கழுவினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அண்ணா, மேல் ரூமு காலியாத்தான இருக்குது?"

நான் பட்டறைக்கு ஓடினேன். அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கிழிஞ்சிருச்சு அண்ணாச்சி! கிழிஞ்சிருச்சு!"

"எது, வேட்டியா?"

"ஃபில்டரு! ஆசிட் வருது!"

அவர் டீயை வைத்துவிட்டு, ஆசிட்டா என்று சோதிக்கும் பி.ஹெச். தாளை எடுத்து பக்கெட்டில் முக்கினார். நல்ல ரத்தச் சிவப்பு. டிரம்மில் முக்கினார். அதே சிவப்பு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள். அவர் முகத்திலிருந்த தைரியம் இறங்கியது.

"ஏசப்பா," என்றார். "ஆமாவே. அப்படியே ஆசிட்டுல்லா வருது."

இரண்டு நிபுணர்களும் ஒத்துப்போய்விட்டோம். இனி என்ன செய்வது என்பதிலும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. சாயப்பட்டறையில் தண்ணி சரியாக வரவில்லை என்றால் வந்ததைத் திரும்பவும் தொட்டியிலேயே ஊற்றிவிட வேண்டும், கெட்ட தண்ணியை வெளியே நிற்க விடக்கூடாது. பம்பை நிறுத்திவிட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டோம். நான் ஒரு பக்கம், அண்ணாச்சி ஒரு பக்கம். அதுவரை வந்திருந்த தெளிந்த சரக்கு மொத்தத்தையும் தூக்கித் தூக்கி மயில் கழுத்து டிரம்மிலேயே கொட்டினோம். மூச்சு வாங்கியது. ஒரு கடமையை முடித்த நிம்மதிகூட வந்தது.

சாயப்பட்டறையின் அடுத்த பாடம், ஃபில்டரை காஸ்டிக் சோடா போட்டுக் கழுவுவது. நான் காஸ்டிக் மூட்டையை இழுத்துப்போட்டு வாயைப் பிரித்தேன்.

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுரும்வே," என்றார் அண்ணாச்சி.

போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. நான் மூட்டைமேலேயே உட்கார்ந்து பழனிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். என் தலையில் மொட்டைக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்பது முருகனுக்கும் தெரியும், ஆனாலும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து பரண்மேல் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. எங்கள் கல்யாணத்தின்போது அவள் கொண்டுவந்த இரும்புப் பெட்டி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் சண்டைகளில் அது இரண்டு அடிக்கு மேல் நகர்ந்ததில்லை. இந்த முறை பரணிலிருந்தே இறங்கிவிட்டது.

போன் வந்தது.

"சொல்லுங்க சார், வண்டி ஓட்டிட்டு இருந்தனுங்க."

"அம்மிணி, போச்சு. ஃபில்டரு கிழிஞ்சிருச்சு."

"ஐயோ. கலர் வருதுங்களா சார்?"

"கலரெல்லாம் இல்ல. தண்ணியாட்டந்தான் இருக்குது. ஆனா ஆசிட் வருதுங்கம்மிணி! அப்படியே ஆசிட்!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"சார்... ஆசிட்தான சார் வரணும்?"

"என்னங்கம்மிணி?"

"செம்பு நிக்கணும், ஆசிட் வரணும். அதுக்குத்தான சார் இந்த மெம்பரேனே. செம்ப வடிச்சுட்டு ஆசிட்ட உங்க தொட்டிக்கே திருப்பிக் குடுக்கும். படம் போட்டுக் காட்டினனே சார்."

"அப்ப நல்ல தண்ணி?"

"தண்ணி வேணும்னா கார்ப்பரேஷன் பைப் இருக்குதுங்களே சார்."

அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது.

"சரிங்க சார், பயப்படாதீங்க. இதுவரைக்கும் வந்தத அளந்து ஒரு ஓரமா வெச்சிருங்க, நாளைக்கு டெஸ்ட் பண்ணலாம்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் சுவரை விட்டுத் திரும்பவில்லை.

"அது... டிரம்முலயே திரும்ப ஊத்திட்டமுங்க."

"எந்த டிரம்முல சார்?"

"எதுலருந்து வந்துச்சோ அதுலயே."

இந்த முறை அந்தப் பக்கம் சத்தம் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம்.

"வேற ஏதாச்சும் பண்ணினீங்களா சார்?"

"காஸ்டிக் மூட்டையப் பிரிச்சோமுங்க. போடலீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. "சார், அந்த மூட்டைய விட்டுத் தள்ளி வாங்க. ரெண்டு பேருமே. உள்ள செம்போட இருக்கறப்ப காஸ்டிக் போட்டா எல்லாம் சேறாட்டம் தெரண்டு மெம்பரேன் அடைச்சுக்கும். அப்ப நிஜமாவே போயிரும்."

நான் மூட்டையிலிருந்து எழுந்து தள்ளி நின்றேன். போனை வைத்ததும் அண்ணாச்சி வெடித்தார்.

"காலையில இருந்து மோரக் கடஞ்சி வெண்ணெய எடுத்து, மறுபடியும் மோர்லயே போட்டுக் கலக்கியிருக்கீருவே!"

"நீங்களுந்தான அண்ணாச்சி ஒரு பக்கம் புடிச்சீங்க?"

"உம்ம நம்பித்தான புடிச்சேன்!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளே அந்த இரும்புப் பெட்டி நடைவரைக்கும் வந்துவிட்டிருந்தது. மறுபடி பம்பை ஓடவிட்டு, தெளிந்த ஆசிட் ஒரு பக்கெட் சேரும்வரை அதன் பக்கத்திலேயே காவல் இருந்தேன். அதற்குள் மச்சான் பிக்கப் வண்டியோடு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பின்வாசலுக்கு வந்து டிரம்களை நிதானமாகப் பார்த்தார்.

"சும்மா சொல்லக் கூடாதுங்க மாப்ள. நல்ல கலரா இருக்குதுங்க."

அவர் கேலி செய்யவில்லை. அவருக்குக் கேலி வராது. நல்ல மனிதரிடம் இருக்கிற தொந்தரவே அதுதான்.

மனைவி பெட்டியோடு நடையில் நின்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பயத்தில் இருக்கும்போது நான் அவளுக்கும் 'ங்க' போட ஆரம்பித்துவிடுவேன்.

"இல்லீங்க... ஃபில்டரு நல்லாத்தான் இருக்குதுங்க."

"நல்ல தண்ணி வருமுன்னீங்க?"

"நல்ல ஆசிட் வருதுங்க."

"ஆசிட்ல என்னங்க நல்லது கெட்டது?"

வாயால் சொல்லி மாளாது என்று தெரிந்தது. கறுத்த பட்டன் ஒரு கைப்பிடி எடுத்து, ஓட்டைக் கூடையில் போட்டு, அந்தத் தெளிந்த ஆசிட்டில் முக்கினேன். கொஞ்சம் பொறுத்து எடுத்து, தண்ணியில் அலசி, அவள் கையில் கொட்டினேன். பட்டன்களைத் தரம் பிரிப்பது அவள் வேலைதான். எத்தனையோ வருடமாக அவள் கண் தப்பி ஒரு கறுப்புப் பட்டன் வெளியே போனதில்லை. உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். எல்லாம் மின்னின.

"புது ஆசிட்டா?"

"பழசுங்க. உங்க மல்லிகப் பந்தலுக்குக் கீழ நின்ன டிரம்மு."

அவள் பட்டனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப டிரம்மு கொறையுமா?"

இதுதான் கேள்வி. எல்லாம் காணாமல் போய்விடும், நாளைக்கே போய்விடும் என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது. காலையில் கண்ணாடி என்று கத்தியதன் விளைவு ஞாபகம் வந்தது.

"ஆசிட்ட எடுத்து நாமளே உபயோகிச்சுக்கலாம். செம்பெல்லாம் கெட்டியாச் சேந்து கொஞ்சமா நிக்கும். அதுலருந்து கரன்ட் குடுத்துச் செம்ப எடுத்துக்கலாம்ங்குது அந்தப் புள்ள. எல்லாமே போயிராது. சொவரோரம் ஒண்ணு ரெண்டு நிக்கத்தான் செய்யும். கம்பிக்குக் கீழ, பந்தலுக்குக் கீழ ஒண்ணும் இருக்காது."

அவள் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள். நான் ஒன்றைக் குறைத்துச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அண்ணா," என்றாள். "பொட்டிய மட்டும் நீங்க எடுத்துட்டுப் போங்க. அங்கயே இருக்கட்டும். வாசல் காலியானா நானு சொல்றேன், கொண்டாந்து குடுங்க. ஆகலீன்னா பொட்டி இருக்கற எடத்துக்கு நானு வந்தர்றேன்."

பெட்டி பிணைக்கைதியாக வெள்ளகோவிலுக்குப் போனது. கூடவே ஒரு கட்டு முருங்கைக்காயும் போனது. மச்சானை வெறும் கையோடு அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அதற்கப்புறம் வந்த மாதங்களில் நான் காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்கும் முன்னால் டிரம்களைப் பார்த்தேன். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. அது அவசரப்படுகிற சாதி இல்லை. நடுவில் ஒருமுறை தெளிந்த நூல் மெலிந்துபோய்ச் சொட்ட ஆரம்பித்தது. நான் மறுபடி காஸ்டிக் மூட்டைப் பக்கம் திரும்ப, அண்ணாச்சி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கிட்ட வந்தீரு, அடிச்சுப்புடுவேன்" என்றார். இன்ஜினியர் பெண் வந்து பார்த்தாள். முன்னால் இருக்கிற தூசி வடிகட்டி அடைத்திருந்தது, மெம்பரேனுக்கு ஒன்றுமில்லை. மாற்றிப் போட்டதும் நூல் பழையபடி இழைந்தது.

முதலில் துணிக் கம்பிக்குக் கீழே வெளிச்சம் வந்தது. மனைவி ஒரு நாள் நேராக நடந்துபோய்ச் சேலையை உதறிக் காயப்போட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது ஏதோ ஊர்வலம் மாதிரி இருந்தது. பிறகு முருங்கையின் அடி தெரிந்தது. மிஞ்சிய கெட்டி நீலத்தை ஒரு தொட்டியில் விட்டு, இரண்டு தகடு தொங்கவிட்டு, கரன்ட் கொடுத்தாள் அந்தப் பெண். சில நாளில் ஒரு தகட்டின்மேல் சிவப்பாகத் தோல் கட்டியது. அண்ணாச்சி ஓரத்தில் கத்தியை விட்டு நெம்ப, பாலாடை மாதிரி உரிந்து வந்தது. அசல் செம்பு. எத்தனை வருடமாக எங்கள் பட்டனைத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றிருக்கிறது இந்த ஆசிட்!

வளைகாப்புக்கு நாள் குறித்த பிறகு, ஒரு மத்தியானம் மனைவி பின்வாசலைச் சுற்றி வந்தாள். பந்தலுக்குக் கீழே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். மல்லிகை மொட்டு ஒன்றைக் கிள்ளினாள். சுவரோரம் போய் நின்றாள்.

"இங்க மூணு நிக்குதுங்க."

ஒன்றிரண்டு என்றுதான் நான் சொல்லியிருந்தேன். மூன்றாவதை எங்கே ஒளிப்பது என்று முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தேன். அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, அந்தப் பொட்டியக் கொண்டாந்து குடுத்துருங்க."

மச்சான் பெட்டியைத் தானே தூக்கிவந்து நடையில் வைத்தார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"ரூமுக்குப் பெயின்டெல்லாம் அடிச்சுட்டனுங்க மாப்ள. பசுக்கூட ஒண்ணு பாத்து வெச்சனுங்க."

அவரைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. "பசுவ வாங்கிக் கட்டுங்க மச்சான்," என்றேன். "பாலு இங்க வரட்டும். வாரத்துக்கு ரெண்டு நா நீங்களே கொண்டாந்து குடுத்துட்டு, புள்ளயப் பாத்துட்டுப் போங்க." மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெய்க்குப் பஞ்சமில்லை.

மகள் வந்து இறங்கிய அன்று காலையில் மனைவி வாசலை அடைத்து ஒரு கோலம் போட்டாள். போட்டு முடித்து நிமிர்ந்து, "இன்னிக்கு மக்கத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்தறாதீங்க" என்றாள். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

கை நிறைய வளையலோடு மகள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வாசலில் நிற்கவைத்து ஆரத்தி சுற்றினார்கள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, மனைவி தட்டோடு படியிறங்கி வந்து, அந்தச் செக்கச் சிவந்த தண்ணியைக் கோலத்தின்மேல் ஊற்றினாள்.

நான் என்னை அறியாமல் இரண்டடி பின்னால் போய், கழுத்தை நீட்டி, காதைக் கொடுத்தேன்.

"என்னவே கேக்கீரு?" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணாச்சி.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பு மெதுவாகக் கோட்டுக்குக் கோடு பரவி, மாவில் ஊறி நின்றது. மனைவி காலித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மஞ்சளும் சுண்ணாம்புந்தானுங்க. நானே கரைச்சேன். பயப்படாம உள்ள வாங்க, புள்ள கேக்கறா."